சாவியைக் கொடுத்துவிடாதீர்கள்

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு,

கிழக்கு லண்டனில் இரண்டு அறை வீடொன்றில் ஆறு வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், மாமி என்று ஐந்து பேர். வீட்டுக்காரர் எங்கள் ஊர்க்காரர். வீட்டை விற்கப்போகிறேன் என்று சொல்லி 2026 மார்ச் 9ஆம் தேதி 21ஆம் பிரிவு நோட்டீஸ் (காரணம் காட்டாமலே வீட்டைத் திரும்பக் கேட்கும் நோட்டீஸ்) தந்துவிட்டார். மே 18ஆம் தேதிக்குப் பிறகு நாங்கள் இருக்கக்கூடாதாம். கணவருக்குப் பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை. வேலை நேரத்தைக் குறைத்துவிட்டார்கள். அதனால் ஒன்றரை மாத வாடகை பாக்கி நிற்கிறது.

எங்கள் பகுதி உள்ளூராட்சிக் கவுன்சிலுக்குப் போனேன். "பெய்லிஃப் (வீட்டிலிருந்து வெளியேற்ற வரும் நீதிமன்ற ஊழியர்) வரும் தேதி தெரிந்ததும் வாருங்கள், அதுவரை எங்களால் ஒன்றும் செய்ய முடியாது" என்று கவுன்டரில் சொன்னார்கள். மகள்தான் மொழிபெயர்த்தாள். அவளுக்கு மே மாதம் ஜிசிஎஸ்இ பரீட்சை தொடங்குகிறது. மாமிக்கு 74 வயது, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். லெஸ்டரில் இருக்கும் கணவரின் தம்பி, எல்லாரும் தங்களிடம் வந்துவிடச் சொல்கிறார். தேதிக்கு முன்பே சாவியைக் கொடுத்தால் முற்பணத்தைக் குறைக்காமல் தருவதாக வீட்டுக்காரர் சொல்கிறார். கணவருக்குக் கவுன்சில் வாசலில் போய் நிற்பது மானக்கேடாக இருக்கிறது. அவர் பிரித்தானியக் குடிமகன். எனக்கும் மாமிக்கும் நிரந்தர வதிவிட உரிமை உண்டு. நாங்கள் என்ன செய்ய வேண்டும்? வீட்டுக்காரருக்கு என்ன பதில் சொல்வது? இரவில் தூக்கம் இல்லை அக்கா.

பதில்:

அன்புத் தங்கைக்கு,

மற்ற எல்லாவற்றுக்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மே 18ஆம் தேதி நீங்கள் அந்த வீட்டை விட்டு வெளியேற வேண்டியதில்லை. அன்றைக்கு உங்களை யாரும் தெருவில் தள்ளிவிட முடியாது. அது வீட்டுக்காரர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று சட்டம் அனுமதிக்கும் தேதி, அவ்வளவுதான். அதன் பிறகு அவர் வழக்குப் போட வேண்டும். நீதிமன்றம் உங்களுக்குத் தபாலில் பாரம் அனுப்பும். பதில் எழுத 14 நாள் கிடைக்கும். வீட்டை ஒப்படைக்க உத்தரவு வந்தாலும் வழக்கமாக இரண்டு வாரம் தருவார்கள், கடும் நெருக்கடி இருந்தால் ஆறு வாரம் வரை நீட்டலாம். அதற்கும் பிறகுதான் பெய்லிஃப். அவரும் குறைந்தது 14 நாள் முன்னறிவித்துவிட்டே வர வேண்டும். இதற்கிடையில் வீட்டுக்காரர் தாமாகப் பூட்டை மாற்றினாலோ, உங்கள் சாமான்களை வெளியே வைத்தாலோ, மின்சாரத்தைத் துண்டித்தாலோ அது 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஊர்க்காரர் என்பதால் அது குற்றமில்லாமல் போகாது.

எனவே இன்றிரவு தூங்குங்கள். நாளைக் காலை செய்ய வேண்டிய வேலை இருக்கிறது.

கவுன்டரில் உங்களுக்குச் சொன்னது பிழை. எத்தனை குடும்பங்களிடம் இதே வசனம் சொல்லப்பட்டிருக்கிறது என்று நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. 2018 ஏப்ரல் 3ஆம் தேதி முதல் இங்கிலாந்தில் நடைமுறையில் இருக்கும் சட்டம் வேறு. 56 நாளுக்குள் வீட்டை இழக்கும் நிலையில் இருப்பவருக்கு, வீட்டை இழக்கும் முன்பே கவுன்சில் உதவ வேண்டும். அந்த நாள்களுக்குள் முடிவடையும் 21ஆம் பிரிவு நோட்டீஸ் கையில் இருந்தால், அந்த நிலையில் நீங்கள் இருப்பதாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. உங்கள் கணக்கில் அந்த 56 நாள் மார்ச் 23ஆம் தேதியே தொடங்கிவிட்டது. பெய்லிஃப் கதவைத் தட்டும்வரை குடும்பங்களைக் காத்திருக்க வைக்கக்கூடாது என்று கவுன்சில்களுக்கு அரசு கொடுத்திருக்கும் வழிகாட்டி நூலிலேயே எழுதியிருக்கிறது. அப்படிக் காத்திருந்தால் வழக்குச் செலவும் உங்கள் தலையில்தான் விழும்.

ஆனால் கவுன்டரில் வாயால் சொன்னதற்கு எதிராக மேல்முறையீடு செய்ய முடியாது. எழுத்தில் இருந்தால்தான் எதிர்க்க முடியும். அதனால் இனிமேல் வாய்ப்பேச்சு வேண்டாம். வீடற்றோர் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். உதவி கேட்பதற்கென்று குறிப்பிட்ட பாரம் எதையும் சட்டம் கட்டாயமாக்கவில்லை. இணையதளத்தில் உள்ள பாரத்தை நிரப்ப முடிந்தால் நிரப்புங்கள், முடியாவிட்டால் மின்னஞ்சலே விண்ணப்பம்தான். அதில் இவை இருந்தால் போதும்: உங்கள் பெயர், முகவரி, வீட்டில் இருக்கும் ஐந்து பேரின் வயது, மார்ச் 9ஆம் தேதி 21ஆம் பிரிவு நோட்டீஸ் வந்தது, அது மே 18ஆம் தேதி முடிகிறது, 1996ஆம் ஆண்டு வீட்டுச் சட்டத்தின் 7ஆம் பகுதிப்படி உதவி கேட்கிறோம், எந்த முடிவானாலும் எழுத்தில் தரவும். கவுன்டருக்குப் போன தேதியையும் அங்கே சொன்னதையும் ஒரே வரியில் சேருங்கள். கோபமான சொல் ஒன்றும் வேண்டாம். நோட்டீஸைப் படம் எடுத்து இணையுங்கள்.

அதோடு இன்னொரு வரியும் கட்டாயம் இருக்க வேண்டும்: "எனக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்."

மகளை இனி அந்தக் கவுன்டருக்கு அழைத்துப் போகாதீர்கள். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சில வருடங்களுக்கு முன் ஒரு தாயும் பதினொரு வயது மகனும் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். கையில் கவுன்சில் கடிதம், வேண்டுமென்றே வீட்டை விட்டு வந்தவர்கள் என்று அதில் முடிவு எழுதியிருந்தது. என்ன நடந்தது என்று விசாரித்தேன். அதிகாரி ஏன் வீட்டை விட்டீர்கள் என்று கேட்டிருக்கிறார். தாய் சொன்னது இது: "அவர் போகச் சொன்னார், பிரச்சினை வேண்டாம் என்று நாங்களே மரியாதையாக விட்டுவிட்டு வந்தோம்." பையன் அதில் பாதியை ஆங்கிலத்தில் சொன்னான்: "நாங்களே விட்டுவிட்டு வந்தோம்." அதிகாரி அதை அப்படியே குறித்துக்கொண்டார். "அவர் போகச் சொன்னார்" என்ற மூன்று சொல் காணாமல் போயிற்று. முடிவை மாற்றக் கேட்பதற்கு 21 நாள்தான் அவகாசம். அவர்கள் என்னிடம் வந்தது 19ஆம் நாள். மறுபரிசீலனையில் முடிவு மாறியது. ஆனால் அதற்குள் நான்கு மாதம், நான்கு பேர், ஒரே அறை. அன்று அந்தப் பையன் கடிதத்தைப் பார்த்தபடி என்னிடம் கேட்டான்: "நான் பிழையாகச் சொல்லிவிட்டேனா ஆன்ட்டி?" அந்தச் சுமையை எந்தப் பிள்ளையின் தோளிலும் வைக்கக்கூடாது. மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசி வழியாகக்கூடக் கவுன்சில் ஏற்பாடு செய்யும். கேட்டு வாங்குங்கள்.

லெஸ்டருக்குப் போகும் யோசனையை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். தம்பி அன்பாகத்தான் கூப்பிடுகிறார். ஆனால் நோட்டீஸ் முடியும் முன்பே நீங்களாகச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனால், இருக்க உரிமையுள்ள வீட்டை நீங்களே கைவிட்டீர்கள் என்று கவுன்சில் வாதாட இடம் கிடைக்கும். அப்படி முடிவானால் உங்களுக்கு நிலையான வீடு தேடித் தரும் முழுக் கடமை கவுன்சிலுக்கு இல்லாமல் போகும், கொஞ்ச நாள் தங்க இடமும் ஆலோசனையும் மட்டும் கிடைக்கும். லெஸ்டரில் கேட்டால் அங்கேயும் சிக்கல் வரலாம். ஓர் ஊரோடு தொடர்பு இருக்கிறது என்று காட்ட, வழக்கமாகக் கடந்த 12 மாதத்தில் ஆறு மாதமோ, ஐந்து வருடத்தில் மூன்று வருடமோ அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். அல்லது அங்கே வேலையோ நெருங்கிய உறவோ நிலையாக இருக்க வேண்டும். தம்பி பல வருடமாக அங்கே இருந்தால் அந்த உறவைக் காட்டலாம், ஆனாலும் உங்கள் வேர் கிழக்கு லண்டனில்தான் இருக்கிறது. ஆறு வருட வாழ்வு, கணவரின் வேலை, மகளின் பள்ளி, மாமியின் மருத்துவமனை எல்லாமே அங்கேதான்.

இனி நோட்டீஸுக்கு வருவோம். இதைச் சற்று நிதானமாகப் படியுங்கள், உங்கள் விஷயத்தில் பலமான இடம் இதுவாக இருக்கலாம்.

ஆறு வருடத்துக்கு முன் முற்பணத்தைக் கையில் காசாகக் கொடுத்தீர்களா? நம்மவர்களிடையே அது சர்வசாதாரணம். ஆனால் முற்பணத்தை வாங்கிய 30 நாளுக்குள், அரசு அங்கீகரித்த மூன்று பாதுகாப்புத் திட்டங்களில் ஒன்றில் அதைப் பதிந்து, அந்த விவரத்தை உங்களுக்கும் எழுத்தில் தந்திருக்க வேண்டும். செய்யாமல், பணத்தைத் திருப்பியும் தராமல் கொடுத்த 21ஆம் பிரிவு நோட்டீஸ் செல்லாது. முற்பணத்தைப்போல ஒரு மடங்கு முதல் மூன்று மடங்கு வரை நீங்கள் இழப்பீடு கோரவும் வழியுண்டு. மூன்று திட்டங்களின் இணையதளங்களிலும் உங்கள் பெயரையும் அஞ்சல் குறியீட்டையும் போட்டுத் தேடலாம். அரை மணி நேர வேலை. கேஸ் பாதுகாப்புச் சான்றிதழ் தந்தாரா, வீட்டின் ஆற்றல் திறன் சான்றிதழ் (EPC) தந்தாரா, வாடகைக்காரர்களுக்கான அரசுக் கையேடு தந்தாரா என்பதும் முக்கியம். கிழக்கு லண்டனின் சில பகுதிகளில் வாடகைக்கு விடவே கவுன்சில் உரிமம் வேண்டும். அங்குள்ள நியூஹாம் கவுன்சில் 2013இலேயே இதைப் பரவலாகக் கொண்டுவந்தது. உரிமம் தேவைப்படும் வீட்டுக்கு அது இல்லையென்றாலும் 21ஆம் பிரிவு நோட்டீஸ் கொடுக்க முடியாது.

நோட்டீஸில் ஓட்டை இருப்பதாகத் தெரிந்தால் நேரே போய் வீட்டுக்காரரிடம் சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். காரணம் இருக்கிறது. 2026 மே 1ஆம் தேதியோடு 21ஆம் பிரிவு ஒழிகிறது. 2025 அக்டோபரில் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டம் அதை எடுத்துவிடுகிறது. அதன் பிறகு வீட்டை விற்கிறேன் என்றால் வேறு பிரிவில், காரணத்தை எழுதி, நான்கு மாத அவகாசம் தர வேண்டும். இப்போதே ஓட்டையைச் சுட்டிக்காட்டினால் ஏப்ரல் முடிவதற்குள் அவர் அதைத் திருத்திப் புதிய நோட்டீஸ் தந்துவிடுவார். பழைய நோட்டீஸை வைத்து வழக்குப் போடுவதானாலும் 2026 ஜூலை 31ஆம் தேதிக்குள் போட்டாக வேண்டும். அதைத் தவறவிட்டால் அந்தத் தாள் வெறும் தாள். ஆகையால் இந்த விஷயத்தை முதலில் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். வீட்டை இழக்கும் நோட்டீஸ் வந்தவர்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவசச் சட்ட ஆலோசனை தரும் அரசுத் திட்டம் 2023 ஆகஸ்ட் முதல் இருக்கிறது. வழக்கு நாளில் நீதிமன்றத்திலேயே உங்களுக்காகப் பேசவும் ஆள் கிடைப்பார். வீட்டுப் பிரச்சினைகளில் உதவும் ஷெல்டர் என்ற தொண்டு அமைப்பின் இலவச எண் 0808 800 4444. அவர்களிடம் கேட்டால் உங்கள் பகுதியில் யாரிடம் போக வேண்டும் என்று சொல்வார்கள். சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அமைப்பின் கிளைகளும் வழிகாட்டும்.

நோட்டீஸ் செல்லாது என்று ஆனாலும் கவுன்சிலுக்கு விண்ணப்பிப்பதை நிறுத்த வேண்டாம். அதைச் சரிபார்த்து, வீட்டுக்காரரோடு பேசி, நீங்கள் அங்கேயே தொடர வழி உண்டா என்று பார்ப்பதும் கவுன்சிலின் வேலைதான். சட்டம் சொல்லும் முதல் கடமையே வீட்டைக் காப்பாற்ற உதவுவது. அதிகாரி உங்களோடு உட்கார்ந்து நிலைமையை மதிப்பிட்டு, அவர்கள் என்ன செய்வார்கள், நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று உங்கள் குடும்பத்துக்கென ஒரு திட்டத்தை எழுதித் தர வேண்டும். அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். "வாரம் 20 வீடு பார்க்க வேண்டும்" என்பதுபோல உங்களால் முடியாத ஒன்று அதில் இருந்தால் அப்போதே சொல்லி மாற்றுங்கள்.

வாடகைப் பாக்கி உங்களை உறுத்துகிறது என்று கடிதத்திலேயே தெரிகிறது. உங்களுக்கு வந்த நோட்டீஸ் பாக்கிக்காக வந்ததல்ல, விற்பதற்காக வந்தது. இருந்தாலும் பாக்கியால்தான் வெளியேற்றுகிறார் என்று யாராவது சொல்லக்கூடும் என்பதால் கணக்கைச் சுத்தமாக வைத்திருங்கள். இந்த மாத வாடகையை முழுதாகக் கட்டப் பாருங்கள். பாக்கியில் மாதம் 40 பவுண்டோ 50 பவுண்டோ சேர்த்துக் கட்டுங்கள். கையில் காசாக வேண்டாம், வங்கி வழியாக மட்டும். பழைய ரசீது இல்லையென்றால் கவலைப்படாதீர்கள். வாடகை கொடுத்த நாளில் வங்கியிலிருந்து பணம் எடுத்த பதிவு இருக்கும், "தந்துவிட்டேன் அண்ணா" என்று நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் இருக்கும். இரண்டையும் பொருத்தினால் ஆறு வருடக் கணக்கைக் கட்டியெழுப்பிவிடலாம். நான் செய்து பார்த்திருக்கிறேன்.

வருமானம் குறைந்ததால் விழுந்த பாக்கியை வேண்டுமென்றே செய்ததாகச் சொல்வதும் அவ்வளவு எளிதல்ல. பர்மிங்ஹாம் கவுன்சிலுக்கு எதிரான ஒரு வழக்கில், உதவித்தொகையில் பிள்ளைகளோடு வாழ்ந்த ஒரு தாய், வாடகையில் மாதம் 150 பவுண்டுக்குச் சற்று மேல் விழுந்த துண்டைச் சாப்பாட்டுச் செலவில் மிச்சம் பிடித்துக் கட்டியிருக்கலாமே என்று கவுன்சில் வாதிட்டது. 2019இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்தக் குடும்பம் நியாயமாக வாழ எவ்வளவு தேவை என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்றது. கணவரின் சம்பளச் சீட்டு, நேரத்தைக் குறைத்ததாக முதலாளி அனுப்பிய செய்தி, இரண்டையும் பத்திரப்படுத்துங்கள். யூனிவர்சல் கிரெடிட் என்ற அரச உதவித்தொகை வாங்குகிறவர்கள் என்றால் குறைந்த வருமானத்தை உடனே அறிவியுங்கள். பாக்கியை அடைக்க அவசர உதவி நிதி உண்டா என்று அதே கவுன்சில் அதிகாரியிடம் கேளுங்கள்.

நம் வீடுகளில் முக்கியமான தாள்கள் எல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டின்னிலோ துணிப்பையிலோ கிடக்கும். அதை இன்று மேசையில் கொட்டுங்கள். கடவுச்சீட்டுகள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் இருவருடைய இணையவழி விசா விவரம், வாடகை ஒப்பந்தம், நோட்டீஸ், கடைசி மூன்று மாத வங்கிக் கணக்கு. எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றைவிட இரண்டு கடிதங்கள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. ஒன்று மாமியின் சிறுநீரகப் பிரிவிலிருந்து: எந்த நாள்களில் டயாலிசிஸ், எத்தனை மணிக்கு, யார் கூட்டிப்போகிறார், எத்தனை படி ஏறமுடியும். "இவருக்கு உடல்நலம் சரியில்லை" என்று ஒற்றை வரியில் எழுதித் தந்தால் திருப்பிக் கொடுத்து விவரமாகக் கேளுங்கள். மற்றது மகளின் பள்ளியிலிருந்து, பரீட்சைத் தேதிகளோடு.

இவை ஏன் என்றால், வீட்டை உண்மையிலேயே இழக்கும் நிலை வந்தால் கவுன்சில் உங்களுக்கு உடனே தற்காலிக இடம் தர வேண்டும். பிள்ளைகள் இருக்கும் குடும்பம் முன்னுரிமைக்கு உரியது, அதில் கேள்வியே இல்லை. வழக்கமாக உங்களோடு வாழும் மாமியும் குடும்பத்தில் சேர்த்திதான், அவரைத் தனியே அனுப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த இடம் எங்கே, எப்படி என்பதில்தான் போராட்டம். இங்கிலாந்தில் 2025இல் தற்காலிக இடங்களில் வாழ்ந்த குடும்பங்கள், தனி ஆட்களையும் சேர்த்து, 1,30,000க்கு மேல். லண்டனில் வீடு கிடைக்காமல் கவுன்சில்கள் குடும்பங்களை வெகுதூரம் அனுப்புகின்றன. வெஸ்ட்மின்ஸ்டரில் இருந்த ஒரு தாயைப் பிள்ளைகளோடு மில்டன் கீன்ஸ் அருகே போகச் சொன்ன வழக்கு 2015இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. முடிந்தவரை சொந்தப் பகுதியிலேயே இடம் தர வேண்டும், முடியாவிட்டால் அருகில் தேட வேண்டும், தூரத்தில் தருவதானால் அதற்குக் காரணம் காட்ட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. பிள்ளைகளின் படிப்பு, அதிலும் பரீட்சைக் காலம், நோயாளியின் சிகிச்சை, கணவரின் வேலைத்தலம் எல்லாவற்றையும் கவுன்சில் எடைபோட வேண்டும். தாள் கையில் இருந்தால்தான் எடைபோடுவார்கள். பி அண்ட் பி எனப்படும் காலை உணவு விடுதி அறையில் போட்டாலும் பிள்ளைகளோடு ஆறு வாரத்துக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. ஐந்தாவது வாரமே எனக்கோ ஷெல்டருக்கோ எழுதுங்கள்.

தருகிற இடம் பிடிக்கவில்லை என்று கோபத்தில் மறுத்துவிடாதீர்கள். பலர் இந்த இடத்தில்தான் வழுக்கி விழுகிறார்கள். முழுக் கடமை உண்டு என்று கவுன்சில் ஏற்றுக்கொண்ட பிறகு தரும் இடத்தை மறுத்து, அது பொருத்தமானதுதான் என்று பின்னால் முடிவானால், கவுன்சிலின் கடமை அதோடு முடிந்துவிடும். ஆனால் ஏற்றுக்கொண்டு குடிபோன பிறகும், "இது எங்களுக்குப் பொருத்தமில்லை, மறுபரிசீலனை செய்யுங்கள்" என்று 21 நாளுக்குள் கேட்கும் உரிமை உண்டு. கூரைக்குக் கீழே இருந்துகொண்டே வாதாடலாம். முதலில் சாவியை வாங்குங்கள், பிறகு கடிதம் எழுதுங்கள். சாமான்களைப் பற்றியும் யாரும் சொல்லமாட்டார்கள்: வைக்க இடமில்லாமல் அவை பாழாகும் நிலை வந்தால் உங்கள் பொருள்களைப் பாதுகாக்கும் கடமையும் கவுன்சிலுக்கு உண்டு. கட்டணம் கேட்கலாம். சாமிப் படத்தையும் தையல் மெஷினையும் யாருடைய கராஜிலோ போட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை.

உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. இதெல்லாம் முடிந்ததும் நிரந்தரக் கவுன்சில் வீடு கிடைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். தனியார் வாடகை வீடொன்றைக் காட்டியே கவுன்சில் கடமையை முடித்துக்கொள்ளலாம். தற்காலிக இடத்திலேயே வருடக்கணக்கில் இருப்பவர்களும் உண்டு. என்றாலும் எதையும் கேட்காமல் விலகிப் போவதைவிட எத்தனையோ மடங்கு பாதுகாப்பான நிலை இது.

உங்கள் கடிதம் அச்சாகும்போது வேறு நிலையில் இருப்பவர்களும் படிப்பார்கள். அவர்களுக்காகச் சிறிது. பிள்ளைகள் இல்லாத தனி ஆளுக்கும் ஆலோசனையும் எழுத்தில் திட்டமும் பெறும் உரிமை உண்டு. உடனடி இடம் வேண்டுமென்றால் முதுமை, நோய், மனநலம் போன்ற காரணத்தால், வீடிழந்த ஒரு சாதாரண மனிதரைவிட அதிகம் பாதிக்கப்படுவார் என்று காட்ட வேண்டும். வீட்டில் அடியும் அச்சுறுத்தலும் தாங்காமல் வெளியேறும் பெண்ணுக்கு 2021 ஜூலை முதல் முன்னுரிமை தானாகவே உண்டு, அவர் எந்தக் கவுன்சிலிலும் கேட்கலாம், பழைய ஊருக்குத் திருப்பி அனுப்பமாட்டார்கள். பராமரிப்பு வேலை விசாவிலும் மாணவர் விசாவிலும் வந்தவர்கள் மட்டும் அவசரப்பட்டுக் கவுன்சிலில் வீடு கேட்டு விண்ணப்பிக்காதீர்கள். அரச உதவி பெற உரிமையில்லை என்ற நிபந்தனை உங்கள் விசாவில் இருக்கும், விண்ணப்பமே விசாவைப் பாதிக்கலாம். முதலில் பதிவுபெற்ற குடிவரவு ஆலோசகரைப் பாருங்கள். பிள்ளைகள் இருந்தால் 1989ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி சமூக சேவைப் பிரிவு இடம் தரலாம். அது அந்த நிபந்தனைக்குள் வராது.

தங்கையே, கணவரின் மானக்கேட்டைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எனக்கு அது புரிகிறது. ஊரில் வீட்டைவிட்டு ஒரு முறை ஓடிவந்தவருக்கு இன்னொரு முறை வீட்டைக் கொடு என்று கேட்டு நிற்பது எவ்வளவு கொடுமை. அவரிடம் இதை மட்டும் சொல்லுங்கள்: 1977இலிருந்து இந்த நாட்டில் வீடற்றவருக்கு இடம் தருவது கவுன்சிலின் சட்டக் கடமை. அவர் இத்தனை வருடம் இரவு வேலை செய்து கட்டிய வரி அதில் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளரோடு நடக்கும் சந்திப்புக்கு அவரும் உங்கள் பக்கத்தில் வந்து உட்காரட்டும். அவருடைய சம்பளச் சீட்டைப் பற்றி அவரே பேசுவது நல்லது.

வீட்டுக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். நேரில் பேச வேண்டாம், கோயிலில் கண்டாலும் வணக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் இவ்வளவு போதும்:

"அண்ணா, நோட்டீஸ் கிடைத்தது. கவுன்சிலிடம் உதவி கேட்டிருக்கிறோம், அவர்கள் உங்களோடு தொடர்புகொள்வார்கள். இந்த மாத வாடகையை வங்கியில் போட்டுவிட்டோம், பாக்கியில் 50 பவுண்டும் சேர்த்திருக்கிறோம். போக இடம் கிடைக்கும்வரை இங்கேயே இருப்போம். சாவி எங்களிடம்தான் இருக்கும்."

இதற்கு மேல் அவர் எதைக் கேட்டாலும், முற்பணத்தைப் பற்றிக் கேட்டாலும்கூட, சட்டத்தரணியைப் பார்க்கும்வரை பதில் எழுத வேண்டாம்.